ஆயில் சீலும் அம்மாவும்

அப்பா 1989-ல வாங்கின ஆர்எக்ஸ் 100, இப்ப குன்னூர்ல என்கிட்ட இருக்கு. முன் ஃபோர்க்குல ஆயில் கசிய ஆரம்பிச்சுது. துணியால துடைச்சு விட்டுட்டே மூணு வாரம் ஓட்டினேன் (சோம்பேறித்தனம்தான், வேறென்ன).

அப்புறம் ஒருநாள், அம்மாவைப் பின்னாடி வச்சுக்கிட்டு ஊட்டியிலேர்ந்து மசினகுடிக்கு. கல்லட்டி இறக்கம், 36 கொண்டை ஊசி வளைவுங்க! பிரேக் பிடிச்சா முன்பக்கம் பொத்துனு அமுங்கி, உடனே எகிறுது. ஆயில் இல்லாம ஸ்பிரிங் மட்டும் ஆடினா அப்படித்தான். அம்மா கடைசி வரைக்கும் என் தோளை விடவே இல்லை.

நானே பிரிச்சு புது சீல் போட்டேன். பத்தே நாள்ல திரும்பக் கசிவு. மெக்கானிக் அண்ணன் தூசி மூடியைத் தூக்கிட்டு, குழாய் மேல நகத்தை வச்சு மெல்ல இழுத்தார். "தட்டுது பாரு தம்பி."

குரோம்ல கடுகளவுகூட இல்லாத துருக்குழி. நம்ம ஊர் மழையிலயும் பனியிலயும் வருஷக்கணக்கா நின்ன வண்டியாச்சே. ஃபோர்க் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் குழி சீலோட உதட்டை அறுத்துடும். எத்தனை சீல் மாத்தி என்ன?

குழாயையும் மாத்தி, ரெண்டு காலுக்கும் ஒரே அளவா ஆயில் அளந்து ஊத்தினோம். இப்ப ஒரு சொட்டு இல்லை.

அம்மா மட்டும் இன்னும் பஸ்லதான் போறாங்க.