யாரையும் கேட்காமல் இருப்பதுதானே சுதந்திரம்?

இதை ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் கையில் அடித்தளமாக ஓடிக்கொண்டிருப்பதும் லினக்ஸ்தான். 'அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாசாரம்' என்று ஒதுங்குகிற நாம்தான் தினமும் அதைத் தடவிக்கொண்டிருக்கிறோம். ஆனால், மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்றால் மட்டும் தயக்கம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் வந்தது.

அப்பாவுக்கு 76 வயது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அம்மா போன பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். தெரு நலச்சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். வரவு செலவு, கூட்டத் தீர்மானம், சந்தா பாக்கி எல்லாமே 2014-ல் வாங்கிய லேப்டாப்பில்தான். சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார். மாத்திரையை நான் போனில் நினைவுபடுத்துகிறேன். இப்படி எல்லாவற்றுக்கும் அடுத்தவர் வேண்டியிருக்கிற வயதில், யாரையும் கேட்காமல் அவர் செய்வது அந்தக் கணக்கு வேலை ஒன்றுதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் வரும். அதன் பிறகு விண்டோஸ் 11-க்குப் போக வேண்டும். அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அப்பாவின் லேப்டாப்பில் இல்லை. கடையில் புதிது வாங்கச் சொன்னார்கள். "நல்லா ஓடுற வண்டியை எதுக்கும்மா எடைக்குப் போடணும்?" என்றார் அப்பா.

இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும் என் மகள் உற்சாகமாகிவிட்டாள். "லினக்ஸ் மின்ட் போட்டுத் தரேன் தாத்தா. காசே கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம், மாத்தலாம், நாலு பேருக்கு காப்பி போட்டும் கொடுக்கலாம். முழு சுதந்திரம்!"

அப்பா சிரித்தார். "எனக்கு அதையெல்லாம் மாத்தத் தெரியாதே கண்ணு. இதைப் போட்டுட்டு, எது எங்கே இருக்குன்னு தினம் உனக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு இருந்தா, அது என்ன சுதந்திரம்?"

அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

விண்டோஸ் வாடகை வீடு மாதிரி. காசு கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம்தான். எப்போது வெள்ளையடிப்பது, எந்தச் சுவரை இடிப்பது என்பதை ஓனர் முடிவு செய்வார். ஆனால், குழாய் ஒழுகினால் பார்க்க ஆள் உண்டு. லினக்ஸ் சொந்த வீடு. ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். ஒழுகினால் பிளம்பரை நாம்தான் தேட வேண்டும். தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு எது நல்லது என்று சட்டென்று சொல்லிவிட முடியுமா?

ஆனால் ஒன்று. அப்பாவுக்கு விண்டோஸ் முதல் நாளே எளிதாக இருக்கவில்லை. ஃபைலை எங்கே சேமிப்பது என்று பழக அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. எதிர்வீட்டுப் பையன் தினமும் மாலையில் வந்து சொல்லிக்கொடுத்தான். இன்று நாம் 'ஈஸி' என்று சொல்வதில் பாதி, அந்தப் பையனின் பொறுமை.

இதை மகளிடம் சொன்னேன். தீபாவளி லீவில் நான்கு நாள் தாத்தாவோடு உட்கார்ந்தாள். முதலில் எதையும் அழிக்காமல், பென் டிரைவில் இருந்தே மின்ட்டை ஓடவிட்டாள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த அப்பாவின் முதல் கேள்வி, "என் கீபோர்டு இருக்கா?" பழைய டைப்ரைட்டர் முறையும் இருந்தது, தமிழ்99-ம் இருந்தது. கணக்கு ஷீட்கள் லிப்ரே ஆபீஸில் திறந்தன; இரண்டில் மட்டும் கட்டங்கள் கலைந்து, சரி செய்ய வேண்டியிருந்தது. யூனிகோடு வருவதற்கு முந்தைய ஃபான்ட்டில் இருந்த தீர்மானங்களை மாற்றத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. பிரிண்டர் உடனே வேலை செய்தது. அதிலிருக்கும் ஸ்கேனர் இன்றுவரை மசியவில்லை. ரசீதுகளை அப்பா போனில் படம் எடுத்துக்கொள்கிறார்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. என் தம்பி டேலியில் கணக்கு எழுதுகிறவன். அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு போட்டோஷாப் வேண்டும். அவர்களிடம் போய் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினால் பிழைப்புக்கு யார் வழி சொல்வது?

தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அப்போது வாங்கிய எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போனதாக நினைவில்லை. காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான். அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடமும் அதிலேயே நடக்கிறது. அதிலேயே படித்து வளரும் பிள்ளைக்கு அது கஷ்டமாகத் தெரியாது.

அதனால், பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விஷயம். அன்றாடம் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பென் டிரைவில் ஓடவிட்டு, அந்த வேலைகள் ஒவ்வொன்றும் நடக்கிறதா என்று பாருங்கள். மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். மூன்றாவதற்கு ஆள் இல்லையென்றால், விண்டோஸிலேயே இருப்பதில் தவறில்லை.

முதல் வாரம் அப்பா பேத்தியை ஒன்பது முறை கூப்பிட்டார். அவள் சொன்னதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். போன மாதம் ஒரே ஒரு போன்தான். அதுவும் சந்தேகம் கேட்க இல்லை. சங்கத் தலைவரின் பழைய லேப்டாப்புக்கும் இதைப் போட வேண்டுமாம். நோட்டைப் பார்த்து அவரே சொல்லிக்கொடுத்துவிடுவாராம். பென் டிரைவ் மட்டும் கூரியரில் அனுப்பினால் போதுமாம்.