ஜன்னல் கம்பியில் ஒரு நூல்

நாயுடுபேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன் செய்தால் "ரவுண்ட்ஸ்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கேன்டீனிலாவது பிரித்துப் படிப்பாய்.

போன வாரம் வந்தபோது சமையலறை ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி ஆபரேஷன் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாய். அம்மா காபி கொண்டுவருவதற்குள் விரலில் நூல் சுற்றியபடியே தூங்கிப்போனாய். நீ பஸ் ஏறிய பிறகு அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். முதலில் போட்டவை கல் மாதிரி நின்றன. கடைசி நாலும் இழுத்த இழுப்புக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. உனக்குத் தெரியாத வேலையா அது?

அன்று நீ 36 மணி நேர டியூட்டி முடித்து வந்திருந்தாய். கேட்டால், "சீனியர்ஸ் எல்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டாங்க, ராத்திரி கேஸை விட்டா கை பழகாது" என்றாய். வாஸ்தவம்தான். ராத்திரி கூட்ஸ் ரயில் ஓட்டாதவனை நாங்களும் டிரைவர் என்று ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பினால் 16 மணி நேரம் ரெஸ்ட் என்று எங்களுக்கு விதி உண்டு. அதோடும் விடாமல் இன்ஜினிலேயே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம் நம் கை எதையும் தொடாவிட்டால் விளக்கு மின்னும். அதைக் கவனிக்காவிட்டால் பஸ்ஸர் அலறும். அதற்கும் அசையாவிட்டால் தானாகவே பிரேக் விழுந்துவிடும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. உன் சித்தப்பா கல்யாணத்தில் விடிய விடியப் பந்தி பரிமாறிவிட்டு, பகலிலும் தூங்காமல், மறுநாள் ராத்திரி வண்டி ஏறினேன். தப்பு முழுக்க என்னுடையது. தொரவாரிசத்திரம் ஸ்டேஷன் தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது பஸ்ஸர்தான். என் கண் திறந்தே இருந்தது என்றான் அசிஸ்டென்ட்.

உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அந்த பஸ்ஸர் எங்கே இருக்கிறது?

ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்ததால்தான் ரெசிடென்ட் என்ற பேர் வந்தது என்று நீ பெருமையாகச் சொல்வாய். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அந்த முறையைக் கொண்டுவந்த ஹால்ஸ்டெட் துரைக்கு கோகெய்னும் மார்ஃபினும் பழக்கமாகியிருந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்!

1992 ஜூன் 5-ம் தேதி ரெசிடென்ட் டாக்டர்களுக்காக மத்திய அரசு போட்ட உத்தரவில், சாதாரணமாக ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. நீ பிறப்பதற்கு முந்தைய காகிதம். 2023-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதியோ "நியாயமான வேலை நேரம்" என்கிறது. நியாயம் எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் காட்டுமா? 2024-ல் ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் என்று எண்ணாகவே பரிந்துரைத்தது. அது தேவலை.

நீ சொன்ன அமெரிக்க ஆராய்ச்சியையும் மறக்கவில்லை. ரெசிடென்ட்களின் வேலை நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடத்திலும் நோயாளிகளுக்குக் கெடுதல் கூடவில்லை என்று 2016-ல் சொன்னார்களே, அதுதான். ஆனால் தளர்த்திய இடம், தளர்த்தாத இடம் இரண்டிலுமே வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு இருந்தது. உன் கணக்கு நூறைத் தாண்டுகிறது, பாப்பா.

உன் யூனிட்டில் போய்ச் சண்டை போடு என்று சொல்லவில்லை. முதல் வருஷத்தில் அது நடக்காது என்று எனக்கும் தெரியும். இதோடு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தினமும் டியூட்டி ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் குறித்து வை. நாங்கள் சைன் ஆன், சைன் ஆஃப் எழுதுவோமே, அந்த மாதிரி. நைட் முடிந்து ஸ்கூட்டியைத் தொடாதே, ஆட்டோவில் ஹாஸ்டலுக்குப் போ. காசு அனுப்புகிறேன். கை தடுமாறுகிற மாதிரி தோன்றினால் பக்கத்தில் இருக்கிற சீனியரிடம் வாய் திறந்து சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும்.

எலுமிச்சை ஊறுகாய் அடுத்த வாரம் வருகிறது. ஜன்னல் கம்பியில் இருக்கும் நூலை அவிழ்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை தூங்கி எழுந்து, அந்த நாலையும் திரும்பப் போட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா