பொற்கோயிலில் ஒரு தலைப்பாகை

அமிர்தசரஸ் பொற்கோயிலினுட் புகுவோர், எம்மதத்தினராயினும், பாதரட்சை நீக்கித் தலையை மூடிச் செல்லல் வேண்டும். நாமும் அவ்வாறே சென்றோம்.

குளத்தில் நீராடியெழுந்த சீக்கிய இளைஞன் ஒருவன், பத்து முழத்திற்கு மேற்பட்ட துணியை மடிப்பு மடிப்பாகத் தலையிற் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நாள்தோறும் இத்துணைச் சிரமம் ஏன், தம்பி?" என ஆங்கிலத்தில் வினவினோம்.

"இது அலங்காரமன்று, ஐயா, கேசத்திற்குக் காவல்" என்றான்.

1699இல் ஆனந்தபூரில் குரு கோவிந்தசிங் கால்சாவை நிறுவினார். அதிற் சேர்ந்தோர் தாங்கும் சின்னங்கள் ஐந்து: மழியாத கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்காற்சட்டை, கிருபாண் எனும் குறுவாள். தலைப்பாகை இவ்வைந்தினுள் அடங்காது. முதலாவதைப் பேணுவதனாலேயே அது பெருமை பெற்றது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகையில், தலைப்பாகை அணிந்த சீக்கியர் தலைக்கவசம் அணிய வேண்டுவதில்லையெனப் பிரித்தானியா 1976இல் சட்டமியற்றியது. தொப்பியைக் கழற்றி வைக்கலாம். விரதத்தைக் கழற்றி வைப்பது எங்ஙனம்?