கரண்ட் போன அன்னிக்குத்தான் ரேடியோ கேட்டது

எங்க தாத்தாவுக்குக் காலையில் காபி லேட்டானால்கூடப் பரவாயில்லை. ரேடியோ லேட்டானால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வச்சுக்குவார். 1963ல் தொடங்கிய நெல்லை வானொலியை முதல் நாளிலிருந்தே கேட்டவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். (சரிபார்க்க எனக்குத் தைரியம் இல்லை.) மீடியம் வேவ், 1197 கிலோஹெர்ட்ஸ். ரேடியோ முள் அந்த இடத்தைவிட்டு அதிகம் நகர்ந்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் 2023ல் ஒருநாள் ரேடியோவைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஸ்டேஷன் இருக்கவேண்டிய இடத்தில் "ர்ர்ர்ர்ர்" என்று மாவு மில் சத்தம். "எனக்குக் காது போச்சா, இதுக்கு வாய் போச்சாடே?" என்று கேட்டார். சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் மறுநாள் காலையில் வீடு அமைதியாக இருந்தது ஒரு மாதிரி இருந்தது.

படிக்கிறது எலக்ட்ரானிக்ஸ் ஆச்சே, சும்மா இருக்க முடியுமா? துப்பறிந்தேன். எதிர்வீட்டில் புதுசாக இன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள். கேஸ் முடிந்தது! நேராகப் போய், "அண்ணாச்சி, ஒங்க இன்வெர்ட்டரால எங்க தாத்தா ரேடியோ கேக்க முடியல" என்றேன்.

"ஏ தம்பி, கரண்ட் போனாத்தான அது ஓடும். ஒங்க வீட்ல எந்நேரமும்லா இரையுதுங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு குறைந்துபோனது.

டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கே ஞாபகம் இருக்கும். தாமிரபரணி ஊருக்குள் வந்த நாட்கள். எங்கள் தெரு பாளையங்கோட்டையில் கொஞ்சம் மேடு, தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போச்சு. ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் அத்தை வீட்டில் என்ன ஆச்சுன்னு தெரிய ஒரு வழியும் இல்லை. தாத்தா ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து, டார்ச்சிலிருந்த பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் போட்டார்.

இரைச்சலே இல்லை! சாயங்காலம் முள்ளைத் திருப்பத் திருப்பத் தமிழ், மலையாளம், சிங்களம் எல்லாம் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது. அப்போது எதிர்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அண்ணாச்சியின் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

கரண்ட் வந்ததும் மாவு மில்லும் வந்துவிட்டது. மெயினை அணைத்தேன், சத்தம் போச்சு. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தேன். மிக்ஸி இல்லை, ஃபேன் இல்லை... பட்டாசல் எல்இடி பல்பைப் போட்டேன். "ர்ர்ர்ர்ர்!"

தாத்தா பேப்பர் படிக்க வெளிச்சம் வேணும்னு, அவர் நாற்காலிக்கு நேர் மேலே நானே வாங்கி மாட்டிய மலிவு பல்பு. எங்கள் பட்டாசலில் பகலிலும் லைட் வேண்டும். அதனால்தான் எந்நேரமும் இரைச்சல்.

நடந்தது இதுதான். எல்இடி பல்புக்குள் ஒரு குட்டி சர்க்யூட் கரண்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டுவிட்டுத் தரும். அந்த வெட்டுகளின் மடங்குகள் மீடியம் வேவ் வரைக்கும் வந்துவிடும். அதைத் தடுக்கும் ஃபில்டரை மலிவு பல்பில் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். பிறகு வீட்டு வயரிங்கே ஆன்டெனா ஆகிவிடும். சார்ஜர், டிவி பெட்டி எல்லாமே இதே கதைதான். ஒரு பல்பு ஒன்றும் பெரிசில்லை. தெருவுக்கு முந்நூறு என்றால்?

இதிலே ஒரு வேடிக்கை. மீடியம் வேவுக்கு வானமே ஒரு தொந்தரவுதான். பகலில் 60-90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். ராத்திரி அது மறைந்ததும் அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி, எங்கேயோ இருக்கும் ஸ்டேஷன் நம் ஸ்டேஷன்மேல் வந்து உட்காரும். அந்த உயரத்துக் காற்றை அளக்க 1992ல் ஒரு ரேடார் வைத்தார்கள். எங்கே? திருச்செந்தூர் ரோட்டில், நம்ம கிருஷ்ணாபுரத்தில்! இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அது. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போனதால் இந்த இடம். ரேடாரின் அலைவரிசை 1.98 மெகாஹெர்ட்ஸ், மீடியம் வேவுக்குக் கொஞ்சம் மேலே. சிற்பம் பார்க்க எத்தனை தடவை போயிருப்போம்!

வானம் செய்வதற்கு உலகமே கூடி வழி செய்தது. 1975ல் ஜெனீவாவில் உட்கார்ந்து, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், யாருக்கு எந்த இடம் என்று நம் பக்கத்து நாடுகளும் சேர்ந்து பங்கு பிரித்தார்கள். 1197ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. இந்தியாவில் அலைவரிசை கொடுக்க 1952லிருந்து ஒரு பிரிவு இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம், மக்கள் சார்பாக அலைக்கற்றை அரசுக்குச் சொந்தம் என்கிறது. எல்லாம் சரி. ஆனால் என் பல்பை யார் வந்து பார்ப்பார்கள்?

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி ஸ்ரீவைகுண்டம். மேலே இருப்பவன் வாய்க்காலில் குப்பை போட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும். பாளையங்கால்வாயைப் பார்த்தாலே புரியும். அலைவரிசையும் அப்படித்தான். தாத்தா கடைமடைக்காரர். நான் குப்பை போட்டவன். அதுவும் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

பல்பை மாற்றிவிட்டேன். (வாங்கும்போது கடையிலேயே பேட்டரி ரேடியோவைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.) சார்ஜர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினேன். அத்தை வீட்டில் சாமான்தான் போச்சு, ஆட்கள் பத்திரம் என்ற தகவலும் வந்தது.

அண்ணாச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதான் அன்னிக்கே சொன்னம்லா" என்று சிரித்தார். அப்புறம் மெதுவாக, "தம்பி, எங்க வீட்டு ரேடியோவும் இரையுது. வந்து ஒரு எட்டு பாரேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். அங்கேயும் பல்புதான்.