மோடை அழிச்சா மோட் போயிடுமா?

கேம் விளையாடாதவர்கள் உடனே ஓடிவிட வேண்டாம். இதில் கொஞ்சம் ரிக் வண்டியும் கொஞ்சம் அக்கவுண்டன்ஸியும் வரும் :-)

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீடு. அண்ணனுக்கு ரிக் வண்டியில் வேலை. சேலம், நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போட ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ போகும். போனால் திரும்ப மாசக்கணக்கில் ஆகும். வடக்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஆட்கள் ஊர்ப்பக்கம் தலை காட்டுவார்கள். தம்பி சேலத்தில் பி.காம். தினமும் பஸ்.

அண்ணன் முதல் சீசன் சம்பளத்தில் வாங்கிப் போட்டது அந்தக் கம்ப்யூட்டர். ரெண்டாவது சீசன் சம்பளத்தில் வீட்டுக்கு மாடி எடுக்க ஆரம்பித்து, அது லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. கம்ப்யூட்டரில் ஒரே கேம்தான், ஸ்கைரிம். 2011 நவம்பரில் வந்த கேமின் 2016 ஸ்பெஷல் எடிஷன். இருவருக்கும் ஒரே கதாபாத்திரம், ஒரே சேவ். அண்ணன் ஊரில் இருக்கும்போது அவர் ஆடுவார், போன பிறகு தம்பி தொடருவான். நூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடிய சேவ் அது.

அந்த கேமில் லேக்வியூ மேனர் என்று ஒரு வீடு கட்டலாம். மரம் வாங்கி, கல் வெட்டி, களிமண் தோண்டி, ஆணி அடித்து... நிஜ வீட்டு வேலை மாதிரியே பாடாய்ப் படுத்தும். அண்ணன் நடுக்கூடம் வரை கட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டார். மீதியைக் கட்டி முடித்து, ஆடிப் பதினெட்டுக்கு அவர் வரும்போது காட்ட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. பதினோரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கக் கட்டிடத்தை முடித்தும் விட்டான்.

சும்மா இருந்திருக்கலாம். மோட் போடும் கை சும்மா இருக்காது.

மோட் என்பது கேமை வாங்கியவர்களே எழுதிச் சேர்க்கும் ஒட்டு. 2002-ல் மாரோவிண்ட் வந்தபோதே அதே கம்பெனி, கேமை மாற்றி எழுதும் கருவியையும் டிஸ்க்கிலேயே கொடுத்தது. ஸ்கைரிமுக்கு அந்தக் கருவி 2012 பிப்ரவரியில் வந்தது. அப்புறம் என்ன, மழை, புல், மீசை, குதிரை எல்லாவற்றுக்கும் மோட். தம்பி எண்பத்து நாலு போட்டிருந்தான். அதுவும் எதையும் எங்கும் குறிக்காமல், ஜிப்பைப் பிரித்து நேராக கேமின் டேட்டா ஃபோல்டரில் கொட்டி.

ஆனி மாசம் ஒரு ராத்திரி, வைட்ரன் என்ற ஊரின் வாசலில் நுழைந்ததும் கேம் டப்பென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடி டப். கடைசியாகப் போட்ட வீட்டு அலங்கார மோட்தான் காரணம் என்று அவனே தீர்ப்பு எழுதி, அந்தக் கோப்பை அழித்தான். இப்போது மெனுவே வரவில்லை! ஏனென்றால் அந்த மோடை நம்பி இன்னொரு ஒட்டு இருந்தது. ஒரு மோட் தன் தாய்க் கோப்பைக் காணவில்லை என்றால் கேம் துவங்கும்போதே விழுந்துவிடும். அதையும் அழித்தான். மெனு வந்தது. சேவைத் திறந்தால், இந்தச் சேவில் இருந்த சில சமாச்சாரங்கள் இப்போது இல்லை, பரவாயில்லையா என்று கேட்டது. பரவாயில்லை என்று அமுக்கி, அதன் மேலேயே சேவும் செய்தான். வைட்ரன் வாசலில் மறுபடி டப். அந்தக் கடைசி சேவ்தான் பெரிய தப்பு.

ரெண்டு நாள் யோசித்துவிட்டு போன் போட்டான்.

"அண்ணா... சேவ் போயிருச்சுங்ணா."

"எப்படிடா போச்சு? என்ன பண்ணித் தொலைச்சே?"

சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கம்ப்ரசர் சத்தம் மட்டும்.

"குழிக்குள்ள ராடு மாட்டிக்கிச்சுன்னா வெடுக்குன்னா இழுப்பாங்க? எத்தனை ராடு உள்ள போயிருக்குதுன்னு நோட்டைப் பார்ப்போம். உன் நோட்டு எங்கடா?"

நோட்டு இல்லை. அன்றைக்கு ராத்திரி போட்டான். சேவ் ஃபோல்டர் முழுவதையும் முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்தான். பிறகு எந்த மோட், எந்த வரிசை, எது எதை நம்புகிறது என்று நாற்பது பக்க நோட்டில் பாதி நிரம்பியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க யூகம் வேண்டியதில்லை, பாதி பாதியாக வெட்டினால் போதும். எண்பத்து நாலில் நாற்பத்திரண்டை நிறுத்து. கோளாறு போனால் குற்றவாளி நிறுத்தியதில், போகாவிட்டால் ஓடுவதில். அப்புறம் இருபத்தொன்று, பதினொன்று... ஒரே குற்றவாளி என்றால் ஏழாவது சோதனைக்குள் அகப்பட்டுவிடும். ஒன்றையொன்று நம்பும் கோப்புகளை ஜோடியாகவே நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். சோதனைக்குப் பழைய சேவைத் தொடவில்லை. மெனுவிலிருந்தே கன்சோலில் கட்டளை அடித்து நேராக வைட்ரனுக்குப் போனான். ஆறாவது சோதனையில் அகப்பட்டது, ஊர்களில் ஆள் நடமாட்டத்தைக் கூட்டும் ஒரு மோட். போட்டு ரெண்டு வாரம் ஆகியிருந்தது. அலங்கார மோட் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

சரி, அதை அழித்தால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மோடை அழித்தாலும் அது சேவுக்குள் இருக்கிறது. மரம், துணி, நிறம் மாற்றும் மோட் என்றால் பெரும்பாலும் சுலபமாகக் கழன்றுவிடும். ஸ்கிரிப்ட் உள்ள மோட் அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட்களின் நிலையை கேம் சேவ் கோப்பிலேயே எழுதி வைக்கிறது. மோடை எடுத்த பிறகும் அந்தப் பதிவுகள் கிடந்து, இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். டேட்டா ஃபோல்டரில் கொட்டிய உதிரிக் கோப்புகள் வேறு தனியாகக் கிடக்கும். கேமின் சொந்தக் கோப்பை அவை முந்திக்கொள்ளும்.

பி.காம் படிப்பவனுக்கு இது புரியாமல் போனதுதான் வேடிக்கை. லெட்ஜரில் ஏறிவிட்ட வவுச்சரைக் கிழித்து எறிந்தால் கணக்கு நேராகுமா? போஸ்டிங் அங்கேயே நிற்கும். எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். கம்பெனிக் கணக்குகளில் திருத்தத்தின் தடத்தையே அழிக்க முடியாதபடி மென்பொருள் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே வந்துவிட்டது. சில நல்ல மோட் ஆசிரியர்கள் அந்த எதிர்ப்பதிவைத் தாங்களே எழுதி வைத்திருப்பார்கள். கேம் மெனுவில் அன்இன்ஸ்டால் என்று ஒரு வரி இருக்கும், அதை அமுக்கி, சேவ் செய்து, பிறகு கோப்பை எடுக்கலாம். இந்த மோடில் அது இல்லை.

பாப்பிரஸ் லாக் என்று ஒன்று உண்டு, செட்டிங் கோப்பில் ஆன் செய்தால்தான் எழுதும். அதைத் திறந்து பார்த்தான். பக்கம் பக்கமாக ஒரே புலம்பல். ரீசேவர் என்ற கருவியால் அநாதை ஸ்கிரிப்ட்களைத் துடைத்தான். வைட்ரன் திறந்தது! சந்தோஷம் ஒரு மணி நேரம் தாங்கியது. பிறகு கடைக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அடுத்த சேவில் மறுபடி டப்.

கடைசியில் மோடுக்கு முந்தைய ஒரு சேவுக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. சித்திரையில் தனியாகப் போட்ட சேவ் ஒன்று கிடைத்தது. அண்ணனின் நூற்றுச் சொச்ச மணி நேரமும் அப்படியே இருந்தது. தம்பியின் பதினோரு மணி நேரம் இல்லை, அதனால் அந்தப் பக்கக் கட்டிடமும் இல்லை.

கேமை முழுசாக நீக்கி, மிச்சக் கோப்புகளையும் கையால் அழித்து, புதிதாகப் போட்டான். இந்த முறை மோட் ஆர்கனைசர் மூலம். அது ஒவ்வொரு மோடையும் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, டேட்டா ஃபோல்டரில் இருப்பதுபோல் கேமுக்குக் காட்டும். அசல் ஃபோல்டர் அழுக்காவதில்லை. பழைய சேவில் இருந்தவற்றோடு நிறுத்திக்கொண்டான், மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் நோட்டில்.

ஆடிப் பதினேழு அன்று அண்ணன் வந்தார். குளித்து, சாப்பிட்டு, பாதி மாடியில் ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். லேக்வியூ வந்தது. நடுக்கூடத்தோடு நின்றது.

"கட்டியிருந்தேனுங்ணா. நல்லா வந்திருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"கிழக்காலெ. சமையக்கட்டு."

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, இதுக்கென்ன சிமெண்ட் காசா? களிமண் எங்க தோண்டறதுன்னு காட்டு" என்று மவுஸைத் தம்பி பக்கம் தள்ளினார்.