இடைவேளை

பாராளுமன்றத்தை வெளியிலிருந்து காண்போர்க்கு அது பேச்சு மன்றமாகத் தோன்றும். டில்லியில் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் பணியாற்றிய நமக்கோ அது ஒரு பஞ்சாங்கம். சபை நடக்கும் நாட்களில் உறுப்பினர்களின் வினாக்களுக்கு விடை தயாரிக்க வேண்டும். விடுமுறை எளிதில் கிட்டாது. ஆகவே காதணி விழாவாயினும் கல்யாணமாயினும் ஊர்ப் பயணமாயினும், சபை கலையும் நாளைப் பார்த்தே நம் இல்லத்தில் நிச்சயமாகும். சங்க அன்பர் பலர் இதனை அறிவர்.

வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் வழக்கமாக இரு பகுதிகளாக நடைபெறும். பொது விவாதம் முடிந்ததும் சபை சில வாரங்கள் ஒத்திவைக்கப்படும். இந்த இடைவேளையை ஓய்வு என்று எண்ணிவிடலாகாது. 1993 முதல், துறைவாரி நிலைக்குழுக்கள் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை இக்காலத்தில்தான் ஆராய்கின்றன. அவை கேட்கும் விவரங்களைத் திரட்டித் தருவது நம் போன்றோர் வேலை. சபை மீண்டும் கூடியபின், எந்த அலுவலுக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சபாநாயகர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கும். குறித்த நேரம் தீர்ந்துவிட்டால், எஞ்சிய கோரிக்கைகள் யாவும் விவாதமின்றி ஒருசேர வாக்கெடுப்புக்கு விடப்படும். இம்முறைக்குக் கில்லட்டின் என்று பெயர்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 11இல் ஒத்திவைக்கப்பட்ட சபை, மார்ச் 2இல் மீண்டும் கூடுவதாயிருந்தது. மாசி பிறந்ததும் வந்து போகுமாறு கும்பகோணத்திலிருந்து தாயார் அழைத்தார். அவருக்கு அப்போது வயது 82. நிலைக்குழு வேலை குவிந்திருந்தமையால், ஏப்ரல் 3இல் கூட்டத்தொடர் நிறைவுற்றதும் வருவதாகச் சொல்லி, மறுநாளைக்கு ரயிலில் இடம் பதிவு செய்தோம். “உன் சபைக் கணக்கெல்லாம் எனக்கு என்னப்பா தெரியும்? முடிந்தபோது வா” என்றார்.

கொரோனாத் தொற்றுப் பரவியதால் மார்ச் 23ஆம் தேதியே கூட்டத்தொடர் முடித்துக்கொள்ளப்பட்டது. அன்று மக்களவையில் நிதி மசோதா விவாதமின்றி நிறைவேறிற்று. நாம் எதிர்பார்த்ததற்குப் பதினொரு நாள் முன்னதாகவே சபை கலைந்துவிட்டது; ஆனால் 22ஆம் தேதி நள்ளிரவோடு பயணிகள் ரயில்கள் நின்றுபோயிருந்தன. சித்திரையில் தாயார் காலமானார். தமையனார் கொள்ளி வைத்ததைக் கைபேசியில் பார்த்து, இங்கே கைகூப்பி நின்றோம்.

யாரையும் குறை கூறுவதற்கில்லை. அந்த இடைவேளையில் மூன்று நாள் கேட்டிருந்தால் மேலதிகாரி மறுத்திருக்க மாட்டார். நாம் கேட்கவில்லை. ஒத்திவைத்த அலுவலைச் சபை அடுத்த கூட்டத்தொடரில் எடுத்துக்கொள்ளும். அவ்வாறே நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

இப்பொழுதெல்லாம் கூட்டத்தொடர்த் தேதிகள் வெளியானவுடன், பெற்றோரை ஊரில் விட்டு வந்திருக்கும் இளைய நண்பர்களிடம் ஒன்றே சொல்கிறோம்: மாசியில் மூன்று நாள் கிடைத்தாலும் போய் வாருங்கள், கோப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.