தறிக்குடோனில் இரண்டு பேட்டரி லைட்

நேற்று ராத்திரி கரண்ட் போனதும், சாமளாபுரத்தில் எங்கள் தறிக்குடோனில் இருந்த இரண்டு சின்ன எல்.இ.டி. டார்ச்சையும் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தேன்.

ஒன்று ஜூம் டார்ச். முன்பக்கத்தை இழுத்தால் சுவரில் சதுரமாக வெளிச்சம் விழுகிறது. அது எல்.இ.டி. சில்லின் உருவமேதான், லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சுற்றிலும் கும்மிருட்டு. சதுரத்துக்குள் பாவு நூல் தெரிகிறது, காலடியில் கிடக்கும் தார்க்குச்சி தெரியவில்லை.

இன்னொன்றில் கிண்ணம் மாதிரி ரிஃப்ளெக்டர், உள்பக்கம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு. நடுவில் பளிச்சென்று ஒரு பொட்டு, ஓரம் போகப்போக மெல்ல மங்கும் வெளிச்சம். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட எனக்கு இதுதான் கைகொடுத்தது.

பெட்டியில் போட்டிருக்கும் லூமன், மொத்த வெளிச்சத்தின் அளவு மட்டுமே. எவ்வளவு தூரம் பாயும் என்பதைக் கேண்டெலாதான் சொல்லும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டரில் 0.25 லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். ராத்திரி குளக்கரையில் நடக்க அது உதவும். கைக்கெட்டும் தூரத்தில் இழை பிணைப்பவருக்கு அதனால் என்ன பயன்?

துணியில் ஷேடு பார்ப்பவர்கள், நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீலம் தூக்கலான மலிவு வெளிச்சத்தில் மெரூன் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும்.

கடையில் வாங்கும்போது கண்ணுக்கு நேராக அடித்துப் பார்க்காதீர்கள். சுவரில் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.